திரைக்குப் பின்னால் ஓர் ஆசான்

சென்ற மாதம் உப்பிலியபுரம் சென்றுவரும் வாய்ப்புக் கிட்டியது. ஒருபுறம் பச்சைமலையும் மறுபுறம் கொல்லிமலையும் காவல் நிற்க, நடுவே வயலும் தோப்புமாகப் பரந்து கிடக்கும் ஊர் அது. தலைமையாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற என் இளமைக்கால நண்பர் ஒருவர் அங்கே தம் துணைவியாருடன் வசித்து வருகிறார். அவருக்கு இப்போது வயது 73. ஒரே மகன், அவன் குடும்பத்துடன் வெளிநாட்டில் இருக்கிறான்.

இரவு உணவு முடித்து, பழங்கதைகள் பேசிவிட்டு உறங்கினேன். விடியற்காலை ஐந்து மணிக்குக் கூடத்திற்கு வந்தபோது, நான் கண்ட காட்சி என்னைத் திடுக்கிட வைத்தது. நண்பர் சுவரோரமாகத் தலைகீழாக நின்றுகொண்டிருந்தார். எதிரே பித்தளைச் செம்பின் மேல் சாய்த்து வைத்த கைப்பேசியில் ஓர் இளைஞர் சிரசாசனம் செய்து காட்டிக்கொண்டிருந்தார். அடுக்களை வாசலில் நண்பரின் துணைவியார், நெஞ்சில் கை வைத்தபடி, மூச்சு விடவும் அஞ்சியவராக நின்றிருந்தார்.

காப்பி அருந்தும் வேளையில் அந்த அம்மையார் மனம் திறந்தார். "அண்ணா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள். இவர் இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்பவர். கண்ணில் அழுத்தம் இருக்கிறதென்று இரவும் காலையும் சொட்டு மருந்து வேறு விட்டுக்கொள்கிறார். பத்து நாள்களுக்கு முன் தலைகீழாக நின்று இறங்கியவர், கண் இருட்டுகிறது என்று அப்படியே தரையில் அமர்ந்துவிட்டார். நான் ஒருத்தி இந்த வீட்டில் என்ன செய்வேன்?"

நண்பர் சிரித்தார். "யோகம் நம் முன்னோர் கொடுத்த சொத்து. அதைச் செய்ய எவரிடம் அனுமதி பெற வேண்டும்? திருமூலர் எந்த வகுப்பில் சேர்ந்து படித்தார்?" என்று கேட்டார்.

நண்பரின் இந்த வினா, இன்று நம் இல்லங்கள் பலவற்றிலும் எழுகின்ற வினா. கைப்பேசியும் தொலைக்காட்சியும் கூடத்திற்கே யோகத்தைக் கொண்டுவந்துவிட்டன. 2014 டிசம்பர் 11 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தீர்மானம் நிறைவேற்றி, 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21 ஆம் நாள் உலக யோகா தினமாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. நம் நாட்டுச் செல்வத்தை உலகமே போற்றுவது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், முதுமையில் இதைக் கற்க விரும்பும் நம்மைப் போன்றோர், வீட்டிலேயே பார்த்துக் கற்பதா, ஆசானை நாடிச் செல்வதா என்பதை நிதானமாகச் சிந்திக்க வேண்டும்.

நண்பரின் வினாவிற்கு முதலில் விடை சொன்னேன். திருமூலர் ஆசானின்றிக் கற்றவர் அல்லர். திருமந்திரத்திலேயே அவர் தம் குருமரபை அறிவிக்கிறார். நந்தியெம்பெருமானிடம் அருள் பெற்றவர் எண்மர். சனகாதி முனிவர் நால்வர், சிவயோக மாமுனிவர், பதஞ்சலி, வியாக்கிரபாதர் ஆகியோருடன் எட்டாமவராகத் தம்மையும் சேர்த்துக் கொள்கிறார். யோக சூத்திரம் அருளிய பதஞ்சலியும், திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகம் உரைத்த திருமூலரும் ஒரே ஆசானிடம் பயின்ற மாணாக்கர்கள் என்பது நம் மரபு. அவர்களுக்கே ஓர் ஆசான் வேண்டியிருந்தார்!

பதஞ்சலி முனிவர் நம் திருச்சிராப்பள்ளிச் சீமைக்கு அயலார் அல்லர். திருப்பட்டூர் பிரம்மபுரீசுவரர் திருக்கோயிலில் அவருடைய சீவசமாதி இருப்பதாக மரபு. நம் அன்பர்களில் பலர் அங்கே சென்று கண்மூடி அமர்ந்து வந்திருப்பீர்கள். அவர் ஆதிசேடனின் அவதாரம் என்பதும் நம் நம்பிக்கை. திருவரங்கத்தில் அரங்கநாதப் பெருமாள் பள்ளி கொண்டிருக்கும் அணையும் அந்த ஆதிசேடனே அல்லவா?

அவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. தில்லை ஆயிரங்கால் மண்டபத்தில் ஆயிரம் மாணாக்கர்களுக்கு அவர் வியாகரண மகாபாஷ்யம் போதித்தார். ஆதிசேடனின் மூச்சு நஞ்சுடையது. அதன் வெம்மை எவர்மீதும் படலாகாது. ஆகவே நடுவே ஒரு திரையைத் தொங்கவிட்டு, அதன் பின்னே தம் ஆயிரம் முகங்களுடன் அமர்ந்து பாடம் நடத்தினார். ஆயிரம் பேர் ஆயிரம் ஐயங்களைக் கேட்டாலும் அவரவர்க்கு உரிய விடை அவரவர்க்குத் தனித்தனியே கிடைத்தது. திரையைத் தூக்கிப் பார்க்கக் கூடாது என்பது கட்டளை. ஆவல் மீறித் தூக்கியவர்கள் அக்கணமே எரிந்து போயினர். அவ்வேளை வெளியே சென்றிருந்த ஒருவர் மட்டுமே பிழைத்தார்.

இக்கதையை நண்பரிடம் சொல்லிவிட்டு, செம்பின் மேல் இருந்த கைப்பேசியைக் காட்டினேன். "பதஞ்சலியும் திரைக்குப் பின்னால் இருந்தே கற்பித்தார், இந்த இளைஞரும் திரைக்குப் பின்னால் இருந்தே கற்பிக்கிறார். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனித்தாயா? மாணாக்கர்களால் பதஞ்சலியைக் காண இயலவில்லை. அவர் ஒவ்வொருவரையும் கண்டார். இங்கே நீ அவரைக் காண்கிறாய். அவர் உன்னைக் காணவில்லை. உனக்குக் கண்ணில் அழுத்தம் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?"

நண்பர் விடை கூறவில்லை.

அன்பர்களே, அந்த இளைஞர் மீது குறை சொல்வது என் நோக்கமன்று. அவர் செய்து காட்டியது முறையானதாகவே இருக்கலாம். இருபது வயது உடலுக்கு ஏற்றதாகவும் இருக்கலாம். யோகத்தில் ஆசானின் பணி, செய்து காட்டுவதோடு முடிவதில்லை. கற்பவர் செய்வதை அவர் உற்று நோக்க வேண்டும். முதுகு வளைகிறதா, மூச்சு திணறுகிறதா, முகம் சிவக்கிறதா என்று நோக்கி, "போதும், இறங்குங்கள்" என்று உரிய நேரத்தில் சொல்ல ஒரு கண் வேண்டும். நம் முதுகை நாமே காண முடியாது.

இதனை நான் ஏட்டறிவால் மட்டும் எழுதவில்லை. என் 58 ஆம் வயதில் ஒரு நூலை விரித்து வைத்துக்கொண்டு சர்வாங்காசனம் செய்யத் தொடங்கினேன். தோள்களின் கீழே கம்பளி மடிப்பு வைத்தால் கழுத்துக்குப் பாரம் குறையும் என்பதை அறியேன். மூன்றாம் வாரம் கழுத்து பிடித்துக்கொண்டது. மூன்று மாதங்கள் தலையைத் திருப்ப இயலவில்லை. திருவீதியில் நம்பெருமாள் எழுந்தருளியபோது, தலையைத் திருப்பிச் சேவிக்க முடியாமல் உடலையே திருப்பிச் சேவித்தேன். நூலின் மீது குற்றமில்லை. நூலில் எழுதியிருந்த எச்சரிக்கையைத் தாண்டிப் படத்திற்கு ஓடிய என் அவசரத்தின் மீதே குற்றம். அருகே ஓர் ஆசான் இருந்திருந்தால், முதல் நாளே ஒரு கம்பளியை மடித்துக் கொடுத்திருப்பார்.

நண்பரின் துணைவியார் அஞ்சியதற்கும் தக்க காரணம் உண்டு. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். யோகப் பயிற்சி உடையவர்களைச் சிரசாசனத்தில் நிற்கச் செய்து கண்ணின் அழுத்தத்தை அளந்தபோது, அது ஏறத்தாழ இருமடங்காக உயர்ந்தது. குளுக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய், பார்வை நரம்பை ஓசையின்றி அரிப்பது. போன பார்வை திரும்புவதில்லை. சொட்டு மருந்தால் குறைத்ததைத் தலைகீழாக நின்று ஏற்றிக்கொள்வது எத்தகைய பேதைமை!

நண்பர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "எனக்கு ஆசனத்தின் மீது பேராசை இல்லையப்பா. படுக்கையில் விழுந்துவிடக் கூடாது என்ற அச்சம்தான். மகன் தொலைவில் இருக்கிறான். இவளுக்கும் முழங்கால் வலி. நான் விழுந்தால் இவளால் என்னைத் தூக்க முடியுமா? யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்றுதான் இத்தனையும்."

அந்த அம்மையார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விழாமல் இருப்பதற்காக அவர் செய்த பயிற்சியே அவரை விழச் செய்ய இருந்தது என்பதை மூவரும் அப்போது உணர்ந்தோம்.

முதியோர் யோகம் கற்கலாமா என்றால், ஐயமின்றிக் கற்கலாம். அதற்குச் சான்றாக நிற்பவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். 1888 இல் பிறந்து, மைசூர் அரண்மனையில் யோகசாலை நடத்தி, பின் சென்னையில் வாழ்ந்து, நூறு வயது கடந்து 1989 இல் பரமபதித்த பெரியவர் அவர். நாதமுனிகளின் வழித்தோன்றலாகத் தம்மைக் கருதியவர். பதினாறாம் வயதில் ஆழ்வார்திருநகரிக்குச் சென்றபோது, நாதமுனிகளின் யோகரகசியம் தமக்கு ஒரு காட்சியில் கிடைத்ததாக அவர் சொல்லியிருக்கிறார். அத்தகைய அருள் பெற்ற பின்னரும், "எல்லாம் கிடைத்துவிட்டது" என்று அவர் வீட்டில் அமர்ந்துவிடவில்லை. வடக்கே சென்று, இராமமோகன பிரம்மசாரி என்னும் ஆசானிடம் ஏழாண்டுகளுக்கு மேல் பணிந்து கற்றார்.

அவருடைய முறை நம் போன்றோர்க்கு மிகவும் ஏற்றது. ஆளுக்கு ஏற்ற யோகமே தவிர, யோகத்திற்கு ஏற்ற ஆள் இல்லை என்பது அவர் கருத்து. வருபவரின் வயது, நோய், தொழில் யாவும் கேட்டறிந்து, அவருக்கென்றே பயிற்சியை வகுத்துக் கொடுப்பார். அவருடைய திருமகனார் தேசிகாச்சார் 1976 இல் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் அந்த நெறியையே பின்பற்றியது. ஆசானிடம் நேரில் கற்றதை மாணாக்கர் தம் இல்லத்தில் நாள்தோறும் செய்வார். சில வாரங்கள் கழித்து ஆசானிடம் மீண்டும் சென்று, கூட்டவோ குறைக்கவோ செய்துகொள்வார்.

அவருடைய மாணாக்கர் பி.கே.எஸ். ஐயங்காரும் நினைவுகூரத் தக்கவர். ஆசனங்களை நூற்றுக்கணக்கான படங்களுடன் விளக்கி 1966 இல் அவர் எழுதிய நூலைப் பார்த்து உலகெங்கும் பலர் பயின்றனர். அத்தகைய நூலை எழுதியவரே, 1975 இல் புனேயில் ஒரு நிலையம் அமைத்து, கயிறு, நாற்காலி, கம்பளி, மரக்கட்டை ஆகியவற்றின் துணையுடன் முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் நேரில் கற்பித்தார். நூல் ஒன்றே போதுமென்றால் நிலையம் எதற்கு?

ஆகவே, வீடா ஆசானா என்ற வினாவை நாம் சற்று மாற்றிக் கேட்க வேண்டும். கற்பது ஆசானின் கண் முன்னே. பழகுவது நம் இல்லத்திலே. சங்கீதமும் வேதமும் இப்படித்தானே நம்மிடம் வந்தன? பாடம் கேட்பது குருவின் எதிரில். சாதகம் வீட்டுத் திண்ணையில். நாள்தோறும் பேருந்து ஏறி ஓட வேண்டிய தேவையில்லை. மாதம் ஓரிரு முறை சென்றாலும் போதும். நாள் தவறாமல் பழகுவதுதான் பயன் தரும். அதற்கு வீட்டைவிடச் சிறந்த இடம் வேறில்லை.

ஆசான் எவர் என்பதையும் ஆராய வேண்டும். முதல் நாளே உங்கள் நோய், மருந்து, அறுவை சிகிச்சை ஆகியவற்றை விசாரிக்காதவரிடம் கற்க வேண்டாம். ஐம்பது பேரை வரிசையில் நிறுத்தி, மேடையிலிருந்து ஆணையிடுபவர் நேரில் இருந்தாலும் அவரும் ஒரு திரைக்குப் பின்னால் இருப்பவரே. "உங்களுக்கு இது வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்தவரே முதியோர்க்கு ஆசான். அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பிரிவு இயங்குகிறது. அங்கே அதற்கெனப் படித்த மருத்துவர்களிடம் ஆலோசனை பெறலாம்.

ஆசான் கிட்டும்வரை தனியே செய்யக் கூடாதவை சில உண்டு. தலைகீழ் ஆசனங்கள், மூச்சை உள்ளே நெடுநேரம் அடக்கும் கும்பகம், வேகமாக மூச்சை வெளித்தள்ளும் கபாலபாதி, பஸ்திரிகா ஆகியவற்றை இரத்த அழுத்தமோ இதயநோயோ உள்ளவர்கள் தாமாகத் தொடவே கூடாது. கண் அறுவை செய்துகொண்டவர்கள் மருத்துவர் சொல்லும்வரை தலையைத் தாழ்த்திக் குனியலாகாது. எலும்பு தேய்ந்தவர்கள் முன்னே ஆழ்ந்து வளைவதும், முழங்கால் வலியுள்ளவர்கள் வலிந்து பத்மாசனத்திலும் வச்சிராசனத்திலும் அமர்வதும் தவறு. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள், வெறும் வயிற்றில் பயிற்சி செய்யலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். எந்த வேளையிலும் சட்டென்று எழக் கூடாது. எழுந்து சற்று நேரம் எதையேனும் பற்றி நின்று, பின்னரே நடக்க வேண்டும்.

தனியே செய்யத்தக்கவையும் உண்டு. நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, மூச்சை இழுக்கும்போது கைகளை மெல்ல உயர்த்தி, விடும்போது தாழ்த்தலாம். கணுக்கால், மணிக்கட்டு, தோள் ஆகியவற்றைச் சுழற்றலாம். மூச்சை அடக்காமல், அது வந்து போவதைக் கவனித்தபடி இறைவன் திருநாமத்தைச் சொல்லலாம். கோயில் பிராகாரத்தைப் பொறுமையாக வலம் வரலாம். பதஞ்சலியே ஆசனம் என்பது உறுதியாகவும் இனிதாகவும் அமையும் இருக்கை என்றுதானே வரையறுத்தார்? துன்புறுத்தும் நிலை எதுவும் அவர் சொன்ன ஆசனமாகாது.

மறுநாள் துறையூர் வந்து, திருச்சிப் பேருந்தில் ஏறினேன். வழியில் திருவெள்ளறைக் கோபுரம் தெரிந்ததும் கைகூப்பினேன். முற்றுப்பெறாமல் நிற்கும் அந்த மொட்டைக் கோபுரத்தைக் கண்டபோது ஒரு பழைய வரலாறு என் நெஞ்சில் எழுந்தது.

நாதமுனிகளுக்கு இரண்டு செல்வங்கள் இருந்தன. ஒன்று, அவர் மீட்டெடுத்த திவ்யப் பிரபந்தம், மற்றொன்று, யோகரகசியம். யோகத்தைக் குருகைக் காவலப்பன் என்னும் சீடர் பெற்றுக்கொண்டார். இதே திருவெள்ளறையில் அவதரித்த உய்யக்கொண்டாரை அழைத்து, "உமக்கு எது வேண்டும்?" என்று ஆசாரியர் கேட்டார். உலகம் துன்பத்தில் கிடக்கையில் தாம் மட்டும் யோகத்தில் இன்புற்றிருப்பது தகாது என்று கருதி, பலரையும் கரையேற்றும் பிரபந்தத்தையே உய்யக்கொண்டார் வேண்டினார்.

பின்னாளில் நாதமுனிகளின் பேரர் ஆளவந்தார், அந்த யோகத்தைப் பெறவேண்டிக் குருகைக் காவலப்பனை நாடிச் சென்றார். அவரும் இசைந்து, தாம் கற்பிக்கும் நாளைக் குறித்துக் கொடுத்து அனுப்பினார். ஆளவந்தார் திருவனந்தபுரத்துப் பெருமாளைச் சேவிக்கச் சென்ற இடத்தில் அந்த ஓலையை எடுத்துப் பார்த்தார். குறித்த நாள் அன்றைய நாளே! குருகைக் காவலப்பன் உடலை நீக்கும் நாளும் அதுவே. யோகரகசியம் அவரோடு மறைந்தது. ஆளவந்தாரைப் போன்ற பேரறிவாளர்க்கும், ஆசானின் எதிரில் அமராமல் அது கைகூடவில்லை.

இவ்வரலாற்றில் நம்மைப் போன்ற முதியோர்க்கு ஓர் ஆறுதலும் இருக்கிறது. யோகத்தை வேண்டாத உய்யக்கொண்டார் குறைந்தா போனார்? அவர் குருபரம்பரையில் நாதமுனிகளை அடுத்து வீற்றிருக்கிறார். யோகம் கிட்டாத ஆளவந்தார் தாழ்ந்தா போனார்? அவரும் அதே வரிசையில் நம் வணக்கத்திற்குரியவராக விளங்குகிறார். உடல் இசைந்தால் யோகம், இசையாவிட்டால் நாமம். இரண்டுமே அவனிடம் கொண்டுசேர்க்கும் வழிகள். தலைகீழாக நிற்க முடியவில்லையே என்று எவரும் வருந்த வேண்டியதில்லை.

சென்ற வாரம் நண்பர் தொலைபேசியில் அழைத்தார். கண் மருத்துவரைப் பார்த்துவிட்டாராம். தலைகீழ் நிலை இனிக் கூடவே கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். துறையூரில் ஓர் ஆசிரியரிடம் தம்பதியர் இருவரும் சேர்ந்திருக்கிறார்களாம். "முதல் நாள் முழுவதும் நாற்காலியில் உட்காரவைத்துக் கையைத் தூக்கு, இறக்கு என்றார். இதற்கா பஸ் ஏறி வந்தேன் என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது" என்று சொல்லிச் சிரித்தார்.

"இப்போது?" என்று கேட்டேன்.

"இப்போது அதே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கப் பழக்குகிறார். எனக்குப் பத்து எண்ணுவதற்குள் கால் நடுங்குகிறது. இவள் இருபதுவரை நிற்கிறாள்" என்றார்.

பின்னணியில் அந்த அம்மையாரின் சிரிப்பொலி கேட்டது. அன்று அடுக்களை வாசலில் நெஞ்சில் கை வைத்து நின்றவர் அவர்.

அரங்கன் அருளால் அன்பர்கள் அனைவரும் உடல்நலமும் உள்ளத் தெளிவும் பெற்று, நெடுநாள் அவன் சன்னிதி சென்று சேவிக்கும் பேறு பெறுவார்களாக.